சமக்குழுவும் தொடர் கூட்டலும்: தொடக்கநிலைப் பெருக்கல் கற்பித்தலில் தமிழ் எண்ணுத்தொடர்களின் பயன்பாடு

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கப்பள்ளிகளில் பெருக்கல் பெரும்பாலும் சமக்குழுக்கள் வழியாகவும் தொடர் கூட்டல் வழியாகவும் அறிமுகம் செய்யப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்ளப்படுவதால், வாய்பாட்டைப் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தை எந்தச் சூழலில் பெருக்க வேண்டும் என்பதை அறியாமல் தடுமாறும் நிலை ஏற்படுகிறது. சமக்குழு பெருக்கலின் பொருள் என்றும், தொடர் கூட்டல் அதன் விடையைக் காணும் ஒரு வழி என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. ஈரைந்து, முந்நான்கு, இருபது, முக்கால், அரைக்கால் முதலிய தமிழ் எண்ணுத்தொடர்களும் ‘ஆளுக்கு இரண்டு’ போன்ற பங்கீட்டுத் தொடர்களும் இவ்வேறுபாட்டைத் தம்முள் கொண்டிருப்பதை இலக்கண நோக்கில் காட்டி, வகுப்பறையில் அவற்றைப் பயன்படுத்தும் முறையை விளக்குகிறது. தொடர் கூட்டல் செல்லாத இடங்களும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பெருக்கல், சமக்குழு, தொடர் கூட்டல், எண்ணுப்பெயர், வாய்பாடு, எண்சுவடி, தொடக்கக் கல்வி.

முன்னுரை

தொடக்கநிலைக் குழந்தைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுவதை நோக்கமாகக் கொண்டு தமிழ்நாட்டில் 2022 ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல், மணிகளையும் குச்சிகளையும் அட்டைகளையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் கருவியைக் கையாளும்போது ஆசிரியரும் குழந்தையும் பேசும் மொழி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பது போதிய கவனம் பெறாத பொருளாகவே உள்ளது. பெருக்கலில் இக்குறை தெளிவாகப் புலப்படும்.

‘நான்கு பைகள் உள்ளன, ஒவ்வொரு பையிலும் மூன்று மாம்பழங்கள் உள்ளன, மொத்தம் எத்தனை?’ என்ற வினாவுக்கு ‘ஏழு’ என விடையளிக்கும் குழந்தைகளைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அனைவரும் அறிவர். அக்குழந்தைக்குக் கூட்டல் தெரியும். மூன்றாம் வாய்பாடும் தெரிந்திருக்கலாம். வினாவில் உள்ள இரண்டு எண்களும் ஒரே தன்மையன அல்ல என்பது மட்டும் தெரியவில்லை. ‘இது கூட்டல் கணக்கா, பெருக்கல் கணக்கா?’ என்று ஆசிரியரைக் கேட்டபின் கணக்கிடத் தொடங்கும் மாணவரும் இந்நிலையிலேயே நிற்கிறார். பின்னர் வரும் வகுத்தல், பின்னம், விகிதம், பரப்பளவு ஆகிய அனைத்தும் இவ்வறிவின்மேல் எழுவன ஆதலால் இத்தடுமாற்றத்தைச் சிறுபிழை எனக் கருதி விட்டுவிட இயலாது.

சமக்குழுவும் தொடர் கூட்டலும்: வேறுபாடு

கூட்டலில் இணையும் எண்கள் ஒரே வகைப் பொருளைக் குறிப்பன. மூன்று பழங்களுடன் நான்கு பழங்களைச் சேர்த்தால் ஏழு பழங்கள். பெருக்கலில் அவ்வாறு இல்லை. மேற்காட்டிய வினாவில் நான்கு என்பது பைகளின் எண்ணிக்கை. மூன்று என்பது பைக்கு இத்தனை பழம் என்னும் வீதம். பன்னிரண்டு என்பது பழங்களின் எண்ணிக்கை. மூன்று எண்களுக்கும் மூன்று வேறு பணிகள் உள்ளன. பெருக்கற் சூழல்களை வகைப்படுத்திய பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரார் வெர்ஞோ, பெருக்கலை இரண்டு அளவுகளுக்கு இடையே நிலவும் உறவாகவே விளக்கினார். ஒரு பைக்கு மூன்று பழம் எனின் நான்கு பைக்கு எத்தனை என்பதே அதன் வடிவம்.

இச்சூழலைத் தொடர் கூட்டலாக எழுதும்போது 3 + 3 + 3 + 3 எனக் கிடைக்கிறது. இதில் ‘நான்கு’ என்ற எண் எழுத்தில் எங்கும் இல்லை. எழுதப்பட்ட மூன்றுகளைக் குழந்தை எண்ணிப் பார்த்தால்தான் அது தோன்றும். கூட்டலில் கண்ணுக்குத் தெரியாதிருந்த அந்த எண், 4 × 3 என எழுதியவுடன் மூன்றுக்கு இணையாக வந்து நிற்கிறது. எங்கிருந்து அது வந்தது என்பது விளக்கப்படாவிட்டால் குழந்தை இரண்டு எண்களையும் ஒரே கண்ணால் பார்க்கும். தனக்குத் தெரிந்த கூட்டலையே செய்யும். ‘ஏழு’ என்ற விடை பிறப்பது இவ்வாறே.

வகுப்பறையில் வழங்கும் மற்றொரு தொடரும் குழப்பத்திற்கு இடமளிக்கிறது. ‘மூன்றை நான்கு முறை கூட்டுக’ என்று சொன்னால், மூன்றில் தொடங்கி அதனுடன் நான்கு முறை மூன்றைச் சேர்த்துப் பதினைந்து எனக் கூறும் குழந்தை சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறது. 3 + 3 + 3 + 3 என்பதில் கூட்டற்குறிகள் மூன்றே உள்ளன. கூட்டல் நிகழ்ந்தது மூன்று முறையே. நான்கு என்பது கூட்டும் முறைகளின் எண்ணிக்கை அன்று, குழுக்களின் எண்ணிக்கை. எனவே ‘நான்கு மூன்றுகளைச் சேர்த்தால் எத்தனை?’ எனக் கேட்பதே பொருளுக்கு ஒத்தது.

குழந்தையிடம் பெருக்கற் சிந்தனை எதிலிருந்து தோன்றுகிறது என்பது உளவியல் ஆய்வுகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. ஜீன் பியாஜே, குழந்தைகளின் எண் கருத்து குறித்து 1941இல் வெளியிட்ட நூலில், குவளைகளுக்கும் மலர்களுக்கும் இடையிலான பொருத்தத்தைக் குழந்தைகள் கையாளும் விதத்தை ஆராய்ந்தார். ஒன்றுக்கு ஒன்று என்னும் பொருத்தத்திலிருந்து ஒன்றுக்குப் பல என்னும் பொருத்தத்திற்குச் செல்வதே பெருக்கலின் வித்து என்ற கருத்தை டெரஸினியா நூனஸ், பீட்டர் பிரையன்ட் ஆகியோர் 1996இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தனர். 2001இல் பார்க், நூனஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தொடர் கூட்டல் வழியே பயின்ற குழந்தைகளைவிடப் பொருத்தத்தின் வழியே பயின்ற குழந்தைகள் பெருக்கற் சூழல் வினாக்களில் மிகுந்த முன்னேற்றம் காட்டினர். தொடர் கூட்டலைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. ‘ஒன்றுக்கு இத்தனை’ என்ற உறவு முதலில் நிலைபெற வேண்டும். அதன்பின் மொத்தத்தைக் காணும் வழியாகத் தொடர் கூட்டல் வர வேண்டும் என்பதே.

தமிழ் எண்ணுப்பெயர்களில் பெருக்கல்

இவ்வுறவைத் தமிழ்மொழி எண்ணுப்பெயர்களின் அமைப்பிலேயே வெளிப்படுத்துகிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் இறுதி இயலாகிய குற்றியலுகரப் புணரியலிலும், நன்னூல் உயிரீற்றுப் புணரியலிலும் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி விரிவாகக் கூறப்படுகிறது. அவ்விதிகள் சொல்வடிவம் பற்றியன. எனினும் அவற்றின் அடியில் ஒரு கணித ஒழுங்கு காணப்படுகிறது.

பதினைந்து என்பது பத்தும் ஐந்தும். ஐம்பது என்பது ஐந்து பத்து. நூற்றைந்து என்பது நூறும் ஐந்தும். ஐந்நூறு என்பது ஐந்து நூறு. ஆயிரத்து நூறு என்பது கூட்டல்; நூறாயிரம் என்பது பெருக்கல். பேரெண் முன்னும் சிற்றெண் பின்னும் நின்றால் கூட்டற்பொருளும், சிற்றெண் முன்னும் பேரெண் பின்னும் நின்றால் பெருக்கற்பொருளும் அமைகின்றன. பெருக்கற்பொருளில் முன்னிற்கும் எண் தன் முழுவடிவை இழந்து ஒரு, இரு, மு, நால், ஐ, அறு, எழு, எண் எனக் குறுகி, பின்னிற்கும் எண்ணுக்கு அடையாகிறது. குழுக்களின் எண்ணிக்கையைச் சொல்வது அடை; குழுவின் அளவைச் சொல்வது தலைமைச் சொல். இரண்டு எண்களின் பணியும் வேறு என்பதைச் சொல்லின் வடிவமே காட்டிவிடுகிறது. தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவை இவ்வொழுங்கிற்கு வெளிப்படையாகப் பொருந்தாத வடிவங்கள். ஒன்பது பத்துகளைக் குறிக்கும் தொண்ணூறு ‘நூறு’ என முடிவதால் குழந்தைகளுக்குச் சிறப்பாக எடுத்துரைக்க வேண்டியதாகும்.

நூற்பெயர்களிலும் இவ்வமைப்பு உண்டு. ஐங்குறுநூறு என்னும் பெயர் ஐந்து நூறு என்பதைச் சொல்கிறது. திணைக்கு நூறாக ஐந்து திணைகள் என்பது நூலின் அமைப்பு. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்துகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பதிற்றுப்பத்து என்பது பத்துப் பத்து. அதன் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காமையால் இன்று எஞ்சியுள்ளவை எட்டுப் பத்துகள், அதாவது எண்பது பாடல்கள். நூறு பாடல்களில் இருபதைக் கழிப்பதும், பத்துப் பத்துகளில் இரண்டு பத்துகளை நீக்குவதும் ஒரே விடையைத் தருகின்றன. குழுவை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவது என்றால் என்ன என்பதைத் தமிழாசிரியர் ஒருவருக்கு விளக்க இதனினும் பொருத்தமான சான்று தேவையில்லை.

பெருக்கல் வாய்பாடும் இவ்வமைப்பிலேயே உள்ளது. ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு, நாலிரண்டு எட்டு என்னும் வரிசையில் மாறாது நிற்பது ‘இரண்டு’. அது குழுவின் அளவு. மாறுவது முன்னிற்கும் அடை. அது குழுக்களின் எண்ணிக்கை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குச் செல்வது மேலும் ஓர் இரண்டைச் சேர்ப்பதே. ஆகவே வாய்பாடு என்பது தொடர் கூட்டலின் முடிவுகளை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல். பொருள் அறியாத குழந்தைக்கு இது ஓசையாக மட்டுமே கேட்கும். ஏழிரண்டை மறந்தால் அக்குழந்தை ஓரிரண்டிலிருந்து மீண்டும் ஒப்பிக்க வேண்டியிருக்கும். பொருள் அறிந்த குழந்தையோ ஐயிரண்டுடன் ஈரிரண்டைச் சேர்த்துப் பதினான்கு எனக் கண்டுகொள்ளும்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் செய்விக்கப்பட்டதை இன்றைய பொருளற்ற மனப்பாடத்திற்கு முன்னோடியாகக் காட்டுவது உண்டு. அப்பள்ளிகளை விரிவாக ஆராய்ந்த து. செந்தில்பாபு, அங்கு நினைவாற்றல் என்பதே கற்றலின் ஒரு முறையாக இருந்தது என்றும், நில அளவை, தானிய அளவை, கூலி போன்ற நடைமுறைக் கணக்குகளோடு அது இணைந்திருந்தது என்றும் காட்டுகிறார். நடைமுறைப் பின்னணி நீங்கி ஒப்பித்தல் மட்டும் எஞ்சியதே இன்றைய சிக்கல். எனவே வாய்பாட்டை விலக்குவது தீர்வாகாது. அதன் சொற்களுக்குப் பொருளை மீட்டளிப்பதே தீர்வாகும்.

பங்கீட்டுத் தொடர்கள்

பெருக்கலுக்கு முந்திய கருத்தாகிய ‘ஒன்றுக்கு இத்தனை’ என்பதற்கும் தமிழில் தனி வடிவங்கள் உள்ளன. எண்ணுப்பெயர்கள் இரட்டிக்கும்போது ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐவைந்து, அவ்வாறு, எவ்வேழு, எவ்வெட்டு, பப்பத்து என வரும். ஒன்பது மட்டும் இவ்வாறு குறுகி இரட்டுவதில்லை. நன்னூல் அதனை விலக்கியே இவ்விதியைக் கூறுகிறது. இவை பங்கீட்டுப் பொருளன. ‘பிள்ளைகளுக்கு இவ்விரண்டு பழம் கொடுத்தனர்’ என்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டு என்பது தெரியும், மொத்தம் தெரியாது. ‘ஈரிரண்டு பழம்’ என்றால் மொத்தம் நான்கு. அவ்வாறே ஐவைந்து என்பது ஒன்றுக்கு ஐந்து. ஐயைந்து என்பது இருபத்தைந்து.

வீதத்தையும் மொத்தத்தையும் இருவேறு சொல்வடிவங்களால் பிரித்துக் காட்டும் இவ்வமைப்பில் மும்மூன்று என்பது மட்டும் இரு பொருளுக்கும் பொதுவாக நிற்கிறது. ‘மும்மூன்று பழம் கொடுத்தனர்’ என்பதில் அது பங்கீடு. ‘மும்மூன்று ஒன்பது’ என்பதில் அது பெருக்கல். முதல் தொடரில் எத்தனை பேருக்குக் கொடுத்தனர் என்பது தெரியாதவரை மொத்தம் காண இயலாது. வீதம் மட்டும் போதாது, குழுக்களின் எண்ணிக்கையும் வேண்டும் என்பதை ஆசிரியப் பயிற்சியில் இவ்வொரு சொல்லைக் கொண்டே விளக்கலாம்.

இவ்விரண்டு, ஐவைந்து போன்றவை இன்று இலக்கிய வழக்கில் மட்டுமே உள்ளவை. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்கு அவற்றைக் கற்பிப்பது தேவையற்ற சுமை. அவற்றின் இடத்தில் பேச்சுவழக்கு ‘ஆளுக்கு இரண்டு’, ‘பைக்கு மூன்று’, ‘இரண்டிரண்டாக’ என்னும் தொடர்களைக் கொண்டுள்ளது. நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ இங்கே வீதத்தின் அடையாளமாக நிற்கிறது. பள்ளிக்கு வருவதற்கு முன்பே ‘ஆளுக்கு ரெண்டு’ என்ற பங்கீட்டைக் குழந்தை வீட்டில் கேட்டிருக்கும்; அதில் ஒன்று குறைந்தால் முறையிடவும் அறியும். பெருக்கல் கற்பித்தல் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

வகுப்பறைப் படிநிலைகள்

மேற்கண்ட பகுப்பாய்வின் அடிப்படையில் பெருக்கல் அறிமுகத்தைப் பின்வரும் படிகளாக அமைக்கலாம். ஜெரோம் புரூனர் கூறிய செயல், உருவம், குறியீடு என்னும் மூன்று நிலைகளோடு இப்படிகள் ஒத்துச் செல்கின்றன. செயலுக்கும் உருவத்திற்கும் இடையில் சொல் என்ற படி இங்கே தனியாக வலியுறுத்தப்படுகிறது.

முதற்படி குழு அமைத்தல். பல்லாங்குழி இதற்கு ஏற்ற கருவி. வரிசைக்கு ஏழாக இரு வரிசைகளில் பதினான்கு குழிகள் உள்ளன. ‘ஈரேழு பதினான்கு’ என்பது பலகையிலேயே காணக் கிடைக்கிறது. குழிக்கு ஐந்து காய் இட்டுத் தொடங்கும் முறையில் ஒருவர் பக்கம் 35 காய்களும் பலகை முழுவதும் 70 காய்களும் இருக்கும். இடும் காய்களின் எண்ணிக்கை ஆட்ட முறைக்கேற்ப மாறுபடும். தொடக்கத்தில் மூன்று அல்லது நான்கு குழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குழிக்கு இரண்டு, குழிக்கு நான்கு எனக் குழந்தைகளே இடச் செய்யலாம். ஆட்டம் தொடங்கிக் காய்கள் நகர்ந்தபின் குழிகளில் உள்ளவை சமமாக இரா. அப்போது ‘குழிக்கு எத்தனை?’ என்று கேட்டால் ஒரே விடை சொல்ல இயலாது. சமமற்ற குழுக்களைக் கூட்டலாம், அவற்றைக் குழிக்கு இத்தனை எனக் கொண்டு பெருக்க இயலாது என்பதைக் குழந்தை தானே உணர்வதற்கு இம்மாற்றம் துணைசெய்கிறது. சமக்குழுவை மட்டுமே காட்டிக் கற்பித்தால் ‘சமம்’ என்ற நிபந்தனை குழந்தையின் கவனத்திற்கு வராமலே போகும்.

இரண்டாம் படி சொல்லுதல். குழு அமைத்தவுடன் எண்ணத் தொடங்காமல், இருப்பதை மூன்று தொடர்களில் சொல்லச் செய்ய வேண்டும். ‘குழிக்கு நான்கு’, ‘மூன்று குழி’, ‘மூன்று நான்கு’ என்பன அவை. மூன்றாவது தொடரே ‘முந்நான்கு’ என வாய்பாட்டில் சுருங்குகிறது என்பதை அப்போதே இணைத்துக் காட்டலாம். மொத்தம் எத்தனை என்பது இன்னும் கேட்கப்படவில்லை என்பது இப்படியின் சிறப்பு. விடை காணும் அவசரமின்றி உறவு மட்டும் சொல்லாகிறது.

மூன்றாம் படி தாவி எண்ணுதல். நான்கு, எட்டு, பன்னிரண்டு என எண்ணும்போது எத்தனை குழு முடிந்தது என்பதையும் குழந்தை கணக்கில் வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு எண்ணிக்கைகள் நடைபெறுகின்றன. கூட்டுத்தொகையை வாய் சொல்ல, குழுக்களை விரல்கள் எண்ணலாம். மூன்று விரல் மடங்கியபோது பன்னிரண்டு எனில் ‘முந்நான்கு பன்னிரண்டு’ என்ற வரி குழந்தையின் கையிலேயே உருவாகிவிடுகிறது. இரண்டு எண்ணிக்கைகளையும் ஒருங்கே நடத்த இயலாத குழந்தைக்கு இப்படியில் கூடுதல் காலம் தர வேண்டும். அக்குழந்தையை நேரடியாக வாய்பாட்டிற்கு அழைத்துச் செல்வதால் குறை மறையுமே அன்றித் தீராது.

நான்காம் படி எழுதுதல். 4 + 4 + 4 என எழுதி, ‘எத்தனை நான்குகள்?’ என வினவி, விடையை முன்னே எழுதி 3 × 4 எனக் காட்டுவது முறை. ‘முந்நான்கு’ என்ற சொல்லின் வரிசையும் 3 × 4 என்ற குறியீட்டின் வரிசையும் இங்கே ஒத்துள்ளன. ஆனால் ‘மூன்றை நான்கால் பெருக்குக’ என்ற தொடரில் மூன்று பெருக்கப்படும் எண்ணாகிவிடுகிறது. பொருள் நான்கு மூன்றுகள் என மாறுகிறது. வழக்கில் உள்ள ‘மூணு இன்டு நாலு’ என்பதோ எது குழுக்களின் எண்ணிக்கை என்பதையே சொல்வதில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் குழுவின் அளவை முதலிலும் குழுக்களின் எண்ணிக்கையை அடுத்தும் எழுதுவது மரபு. எனவே எவ்வரிசை சரி என்பது கணித உண்மையன்று, அது உடன்பாடு. ஒரு வகுப்பறையில் ஓர் உடன்பாடே முதலில் நிலைத்திருக்க வேண்டும் என்பதே கருதத்தக்கது. குழந்தை மாற்றி எழுதினால் பிழை எனக் குறிப்பதற்கு முன், அதனைப் படமாக வரையச் சொல்லி அதன் எண்ணத்தை அறிதல் வேண்டும்.

ஐந்தாம் படி நிரையும் நிரலுமாக அடுக்குதல். தட்டுக்கு நான்காக மூன்று தட்டுகளும், தட்டுக்கு மூன்றாக நான்கு தட்டுகளும் வெவ்வேறு சூழல்கள். மொத்தம் மட்டும் ஒன்று. ஏன் ஒன்றாக உள்ளது என்பதைத் தட்டுகள் காட்டுவதில்லை. நேர்ப்புள்ளிக் கோலத்திற்கு இடுவதுபோல மூன்று வரிசைகளில் நான்கு நான்கு புள்ளிகளை இட்டு, அதனைப் பக்கவாட்டிலிருந்து நோக்கினால் நான்கு வரிசைகளில் மூன்று மூன்று புள்ளிகள் தெரியும். புள்ளி எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பரிமாற்றுப் பண்பை விதியாகச் சொல்லாமல் காட்சியாகக் காட்டும் வழி இது. ஏழு வரிசைகளில் ஆறு ஆறு புள்ளிகள் உள்ள அடுக்கை ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு கோடிட்டுப் பிரித்தால் ஐயாறு முப்பதும் ஈராறு பன்னிரண்டும் சேர்ந்து நாற்பத்திரண்டு எனப் பங்கீட்டுப் பண்பும் புலனாகும். பிற்காலத்தில் பரப்பளவு கற்கும்போது இவ்வடுக்கே அடிப்படையாகும்.

தொடர் கூட்டலின் எல்லை

கணிதவியலாளர் கீத் டெவ்லின், பெருக்கல் என்பது தொடர் கூட்டல் எனக் கற்பிப்பதைக் கடுமையாக மறுத்து 2008இல் எழுதியது கணிதக் கல்வியாளரிடையே நீண்ட விவாதத்தை எழுப்பியது. இரண்டு செயல்களும் முழு எண்களில் ஒரே விடை தருவதால் இரண்டும் ஒன்றாகிவிடா என்பது அவரது வாதம். இவ்வாதத்தின் வலிமை தொடக்க வகுப்பிலேயே இரண்டு இடங்களில் தெரிகிறது. ‘ஒரு நான்கு நான்கு’ என்பதில் கூட்டல் எதுவும் நிகழவில்லை. ‘பூச்சியம் நான்கு’ என்பதில் கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் குழு என்ற நோக்கில் இவை இயல்பானவை: ஒரு தட்டு உள்ளது, தட்டுக்கு நான்கு, தட்டே இல்லை, ஆகவே பழமும் இல்லை. நான்கு தட்டுகள் உள்ளன, தட்டுக்கு ஒன்றும் இல்லை என்பதும் அதே விடையைத் தருகிறது.

பின்னங்களில் இவ்வெல்லை தெளிவாகிறது. ஃபிஷ்பைனும் அவருடன் பணியாற்றியோரும் இத்தாலியில் 5, 7, 9ஆம் வகுப்பு மாணவர்களிடம் ஆய்ந்து 1985இல் வெளியிட்ட ஆய்வு, தொடர் கூட்டல் என்னும் தொடக்க மாதிரி மாணவர் மனத்தில் நெடுநாள் மறைந்து செயல்படுவதைக் காட்டியது. பெருக்கும் எண் முழு எண்ணாக இருக்கையில் சரியான செயலைத் தேர்ந்த மாணவர்கள், அது ஒன்றைவிடக் குறைந்த தசம எண்ணானபோது இடறினர். ‘பெருக்கினால் பெருகும்’ என்ற நம்பிக்கையும் இம்மாதிரியிலிருந்தே வருகிறது. தமிழில் பெருக்கல் என்ற சொல்லே மிகுதல் என்னும் பொருளைச் சுமந்திருப்பதால் இந்நம்பிக்கை மேலும் வலுப்பெற வாய்ப்புண்டு.

இதற்கான மாற்றும் தமிழ் எண்ணுத்தொடர்களிலேயே உள்ளது. முக்கால் என்பது மூன்று கால்; கால், கால், கால் எனத் தொடர்ந்து கூட்டியும் இதனைப் பெறலாம். அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. இதனைத் தொடர் கூட்டலால் விளக்க இயலாது. ‘அரை முறை கூட்டுதல்’ என ஒன்றில்லை. எனினும் முக்கால், அரைக்கால் ஆகிய இரண்டின் சொல்லமைப்பும் ஒன்றே. முன்னிற்பது குழுவில் எத்தனை என்பதையும் பின்னிற்பது குழுவின் அளவையும் சொல்கின்றன. அரைமா என்பது இருபதில் ஒன்றாகிய மாவில் அரை, அதாவது நாற்பதில் ஒன்று; நாலுமா என்பது ஐந்தில் ஒன்று. மாறாக, ஒன்றேகால், காலே அரைக்கால் என்னும் தொடர்களில் இடைநிற்கும் ஏகாரம் கூட்டலைக் காட்டுகிறது. நன்னூல் உரையாசிரியர்கள் ஒன்றேகால் என்பதை எண்ணலளவை பற்றிய உம்மைத்தொகைக்கு எடுத்துக்காட்டுவர். ஒன்றும் காலும் என்பது அதன் விரி. அரைக்கால் அவ்வாறு விரியாது.

அளவைகளும் இதற்குத் துணைநிற்கின்றன. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இரண்டு கலம் நெல்லை நாழியால் அளக்க விரும்புவோர் கூட்டிக்கொண்டிருப்பதில்லை, அலகை மாற்றுகின்றனர். உருசிய உளவியலாளர் தவீதோவ், பெருக்கலை அலகு மாற்றமாகவே கற்பிக்கலாம் என்றார். சிறிய அலகால் அளப்பது நெடுநேரம் எடுக்கும்போது பெரிய அலகால் அளந்து, ஒரு பெரிய அலகுக்கு எத்தனை சிறிய அலகு என்பதைக் கொண்டு மொத்தத்தை அறிவது அம்முறை. ‘கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி’ என்பதும் ‘பைக்கு மூன்று பழம்’ என்பதும் ஒரே வடிவின. ஆகவே குழு என்ற கருத்தில் தொடங்கிய குழந்தை அளவை, பின்னம், விகிதம் ஆகியவற்றிற்குச் செல்லும்போது முன்பு கற்றதை மறுக்க வேண்டியதில்லை. தொடர் கூட்டலையே பொருளாகக் கற்ற குழந்தை மறுக்க வேண்டியிருக்கும்.

மதிப்பீடு

வாய்பாட்டு ஒப்பித்தலும் 4 × 3 = ? என்பன போன்ற வினாக்களும் இவ்வறிவை அளப்பன அல்ல. எண்களை மாற்றாமல் சூழலை மட்டும் மாற்றிக் கேட்பதே தக்க சோதனை. ‘ஒரு பையில் நான்கு பழம், மற்றொரு பையில் மூன்று பழம்’ என்ற வினாவையும், ‘நான்கு பை, பைக்கு மூன்று பழம்’ என்ற வினாவையும் அடுத்தடுத்துத் தந்து, விடைக்கு முன் படம் வரையச் செய்தால் குழந்தையின் புரிதல் வெளிப்படும். ‘முந்நான்கு என வரும் ஒரு கதை சொல்’ எனக் கேட்பதும் பயனுடையது. ஆங்கிலவழி வகுப்புகளில் பயிலும் தமிழ்க் குழந்தைகளிடமும் இவ்வினாக்களைத் தமிழில் கேட்டறிவது, குறை கணிதத்தில் உள்ளதா மொழியில் உள்ளதா எனப் பிரித்தறிய உதவும்.

முடிவுரை

பெருக்கலின் பொருள் ‘ஒன்றுக்கு இத்தனை, இத்தனை குழு’ என்னும் உறவில் உள்ளது. தொடர் கூட்டல் அதன் மொத்தத்தைக் காணும் முதல் வழியாகும். இரண்டையும் ஒன்றெனக் கற்பிப்பதால் குழுக்களின் எண்ணிக்கை குழந்தையின் பார்வையிலிருந்து மறைகிறது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் வேறுபாடு தெரியாத நிலை அதன் விளைவு. தமிழ் எண்ணுத்தொடர்கள் குழுக்களின் எண்ணிக்கையை அடையாகவும் குழுவின் அளவைத் தலைமைச் சொல்லாகவும் வைத்து இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. ‘கு’ உருபேற்ற பங்கீட்டுத் தொடர்கள் வீதத்தைத் தனித்துக் காட்டுகின்றன. அரைக்கால் போன்ற தொடர்கள் தொடர் கூட்டலின் எல்லையைக் கடந்தும் அதே அமைப்பு செல்வதை உணர்த்துகின்றன.

ஆகவே தொடக்கக் கல்வி ஆசிரியப் பயிற்சியில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி தமிழ்ப் பாடத்தின் இலக்கணப் பகுதியாக மட்டும் நில்லாமல், கணிதம் கற்பித்தலோடும் இணைக்கப்பட வேண்டும். × என்ற குறியை எழுதுவதற்கு முன் ‘பைக்கு மூன்று, நான்கு பை’ என வாய்விட்டுச் சொல்லப் பழகிய குழந்தை, ‘இது கூட்டலா, பெருக்கலா?’ என்று பிறரைக் கேட்க வேண்டிய நிலை குறையும். வாய்பாடு அதன்பின் வர வேண்டும். அப்போது அதன் ஒவ்வொரு வரியும் குழந்தை முன்பே அமைத்துப் பார்த்த ஒரு குழுவின் பெயராக இருக்கும்.